குளிர்ச்சி வந்தவளின் ஓரகத்தி

சித்திரை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிரைண்டரிலிருந்து தோசை மாவை வழித்துக்கொண்டிருந்த அம்சவேணியின் உடம்பிலிருந்து குளிர்ந்த காற்று வீசத் தொடங்கியது. அதை முதலில் உணர்ந்தவள், பக்கத்தில் நின்று மாவைப் பாக்கெட்டில் ஊற்றிக் கட்டிக்கொண்டிருந்த அவளுடைய ஓரகத்தி குணசுந்தரி. உணர்ந்த அந்தக் கணத்திலேயே அவள் நினைத்தது, இது எனக்கல்லவா வந்திருக்க வேண்டும் என்று.

ஏரிக்கரையில் மழை இறங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு காற்று வருமே, மண்வாசனையும் ஈரமுமாக, அந்த மாதிரிக் காற்று. அம்சவேணியின் கழுத்திலிருந்தும் முழங்கையிலிருந்தும் இடுப்பு மடிப்பிலிருந்தும் அது கசிந்து வந்து, அடுக்கி வைத்திருந்த காலிப் பைகளைப் படபடவென்று அடித்து, சுவரில் தொங்கிய காலண்டரை ஆட்டி, குணசுந்தரியின் நெற்றி வியர்வையை உலர்த்திவிட்டு வாசல் வழியாகத் தெருவுக்குப் போனது.

“இன்னாடி இது?” என்றாள் குணசுந்தரி.

“தெர்லக்கா. நேத்துலேர்ந்தே உடம்பு சில்லுனு கீது,” என்ற அம்சவேணி, மாவுக்கையோடு நின்று கொஞ்சம் யோசித்துவிட்டு, “நல்லாத்தான்க்கா கீது,” என்று சிரித்தாள்.

வேலூர் வெயிலைப் பற்றி யாரும் புதிதாக ஒன்றும் சொல்லிவிட முடியாது. மலைகள் சுற்றி நின்று சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிற அந்த ஊரில், அண்ணன் தண்டபாணிக்கு வாழ்க்கைப்பட்டு மாடிக்கு வந்தவள் குணசுந்தரி. தம்பி ஏழுமலைக்கு வாழ்க்கைப்பட்டுக் கீழ்வீட்டுக்கு வந்தவள் அம்சவேணி. ஒரே கடையில் மாவு அரைத்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே கொடியில் துணி காயப்போட்டு, ஒருத்தி தலையில் வைத்த பூவை மற்றவள் கண்ணாலேயே முழம் போட்டுப் பார்த்தபடி வயதானவர்கள் இருவரும். ஐம்பதை ஒட்டி இருவருக்கும் மாதவிடாய் நின்றபோது, ஊர் வெயில் போதாதென்று உடம்புக்குள்ளும் ஒரு வெயில் அடிக்கத் தொடங்கியது. நெஞ்சில் கிளம்பி முகத்துக்கு ஏறும் அனல், ஜாக்கெட்டு நனையும், படபடப்பு வரும், தூக்கம் போகும்.

டாக்டர் ஷகீலாவைக் கண்டுபிடித்தவள் குணசுந்தரிதான். இதை அவள் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தாள், யாரும் காதில் வாங்கவில்லை. டாக்டர் அவளுக்கு இரண்டு மருந்து கொடுத்தார்: தினமும் கையில் தடவிக்கொள்ள ஒரு ஜெல், மாதத்தில் பாதி நாள் மட்டும் விழுங்க ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. “அனலை அடக்குறது ஜெல்லும்மா. ஆனா கர்ப்பப்பை இருக்குறவங்க அதை மட்டும் தடவிட்டு இருந்தா, உள்ள இருக்குற சவ்வு தடிச்சுக்கிட்டே போகும், அது ஆபத்து. சவ்வைக் காப்பாத்தத்தான் இந்த மாத்திரை. ரெண்டும் சேர்ந்தேதான் போகணும்,” என்று சொல்லி அனுப்பினார். குணசுந்தரி வீட்டுக்கு வந்தபோது அம்சவேணி ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பழைய காலண்டர் அட்டையால் விசிறியபடி, நாயைப் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. அடுத்த வாரமே ஆட்டோ பிடித்து அவளையும் கூட்டிப் போனாள். அதே டாக்டர், அதே ஜெல், அதே மாத்திரை.

இருவருக்கும் அனல் அடங்கியது. அதற்குப் பிறகுதான் வழி பிரிந்தது. அம்சவேணிக்குக் குளிர்ச்சி வந்தது. குணசுந்தரிக்கோ, மாத்திரை தொடங்கிய ஓரிரு நாளிலேயே மார்பு கல்லாகக் கனத்தது, வயிறு உப்பிப் புடவைக் கட்டு இறுகியது, நெற்றிப்பொட்டு தெறிக்கிற மாதிரி தலை வலித்தது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மனதுக்குள் ஒரு கறுப்பு இறங்கியதே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. எச்சில் தட்டு மோதும் சத்தத்துக்குக் கோபம் வந்தது, கோபம் அடங்கும் முன் அழுகை வந்தது, அழுகை நின்றால் செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்து, விருந்தாளியைப் போலக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டது. மாத்திரையை நிறுத்த வேண்டிய நாள் வந்ததும், கொட்டிய மழை விட்ட மாதிரி எல்லாம் போய்விடும். பாதி மாதம் மனுஷியாக இருப்பாள். அப்புறம் திரும்பவும் மாத்திரை, திரும்பவும் கறுப்பு.

அவள் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. அதே மாத்திரையை விழுங்கிய ஒருத்தி கீழ்வீட்டில் தென்றலாக வீசிக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது?

தெரு அந்தக் குளிர்ச்சியை, புதிதாக ஒரு தெருக்குழாய் போட்டால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி எடுத்துக்கொண்டது. முதலில் பால்காரர் கோதண்டம் வந்து, விற்காத பால் கேனை அம்சவேணி பக்கத்தில் மதியம் வரை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பிறகு பூக்காரி தன் கூடையைக் கொண்டுவந்து இறக்கினாள். வேர்க்குரு வந்த குழந்தைகளைத் தாய்மார் அம்சவேணியின் மடியில் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்வந்தார்கள். கரண்டு போனால் முன்பெல்லாம் மின்வாரியத்தைத் திட்டியவர்கள், இப்போது பாயைச் சுருட்டிக்கொண்டு மாவுக் கடை வாசலுக்கு வந்தார்கள். பக்கத்துத் தெரு ஹஜ்ரத் வீட்டு நிக்காஹ்வுக்கு, பெண்கள் பக்கத்தின் நடுவில் அம்சவேணிக்கென்று ஒரு நாற்காலி போடப்பட்டது; தம் போட்ட பிரியாணிப் பக்கம் மட்டும் தயவுசெய்து போக வேண்டாம் என்று அந்த வீட்டம்மாவே கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்கு நாள் குறித்தபோது கமிட்டித் தலைவரே வீடு தேடி வந்து, “தப்பா நெனச்சிக்காதம்மா, நெருப்பு அமந்துடுச்சினா இத்தினி பேரு நேத்திக்கடன் இன்னாவறது? நீ ஒரு ரெண்டு தெரு தள்ளி நின்னு கும்புட்டுக்க,” என்றார். அவளை வர வேண்டாம் என்று சொல்வதிலும் ஒரு மரியாதை இருந்தது. தீமிதிக்கு வர வேண்டாம் என்று தலைவர் வந்து கேட்டுக்கொள்ளும் அளவுக்குத் தெருவில் வேறு யார் இருந்தார்கள்?

டாக்டர் ஷகீலா விஷயத்தைக் கேட்டுவிட்டு, அவளுடைய ரத்த அழுத்தம் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், மருந்து அப்படியே தொடரட்டும் என்றார். ஏசி ரிப்பேராகிக் கிடப்பதால் வெளியே காத்திருப்பவர்கள் நடுவில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போக முடியுமா என்றும் கேட்டார்.

இத்தனையும் பெருமையாக நடந்துகொண்டிருக்க, ஒரே ஒரு இடைஞ்சல் மாவில் வந்தது. கீழ்வீட்டில் வைத்த மாவு பொங்கவில்லை. விடிய விடிய வைத்தாலும் அரைத்த மாதிரியே பச்சையாகக் கிடந்தது. வாங்கிப் போனவர்கள் இட்லி கல்லாக வருகிறது என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். தண்டபாணிதான் வழி கண்டுபிடித்தான்.

“அண்டாவ நம்ம மாடில வெச்சிரு ஏழுமல. குணா பக்கத்துல வெச்சா எதுவும் புளிச்சிடும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஏழுமலையும் சிரித்தான். மாத்திரை நாளாக இருந்ததால் குணசுந்தரி அண்டா மூடியைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள். அது உருண்டு படிக்கட்டில் ஒவ்வொரு படியாக மோதிக் கீழ்வீடு வரை போய் அம்சவேணியின் காலடியில் சுழன்று நின்றது.

“பாத்தியா? ஒரே மருந்து. அங்க பாரு, இங்க பாரு,” என்றான் தண்டபாணி.

அன்றிலிருந்து மாவு மாடியில் பொங்கியது, நன்றாகவே பொங்கியது. அண்டா விளிம்பைத் தாண்டி வழிந்த மாவைத் துடைக்கும்போதெல்லாம் குணசுந்தரிக்குத் தன் வயிற்றுக்குள்ளிருப்பதுதான் வழிகிறது என்று தோன்றியது. எதிர்வீட்டு மரகதம் ஒருநாள் மாவு வாங்க வந்தவள், அக்கறையோடுதான் கேட்டாள்: “நீயும் அதே மாத்திரதான சாப்புடுற? உனக்கு ஏன்டி வரல?” பதிலுக்குக் காத்திராமல் அவளே சொன்னாள்: “அதுக்கெல்லாம் மனசு குளுந்து இருக்கணும்டி. அம்சா சூதுவாது இல்லாதவ.” தெருவின் தீர்ப்பு அப்படித்தான் எழுதப்பட்டது. மாத்திரை உள்ளே இருப்பதைத்தான் வெளியே எடுக்கிறது, நல்லவளுக்குள்ளிருந்து காற்று வந்தது, மற்றவளுக்குள்ளிருந்து மூடி பறந்தது.

டாக்டர் அம்சவேணிக்கு வேறு ஏதோ கொடுத்திருக்கிறார் என்று குணசுந்தரி சந்தேகப்படத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். பெயர் ஒன்றாக இருக்கலாம், அட்டை ஒன்றாக இருக்கலாம், ஆனால் உள்ளே இருப்பது யாருக்குத் தெரியும்? ஆனி மாதத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர்கள் கார் வைத்து அம்சவேணியை அழைத்துப் போன காலையில், குணசுந்தரி கீழ்வீட்டுக்குப் போனாள். அலமாரியில் சாமி படத்துக்குக் கீழே மாத்திரை அட்டை இருந்தது. வீடெங்கும் குளிர்ச்சி தங்கியிருந்தது. தலையணையைத் தொட்டால் பானையைத் தொட்ட மாதிரி இருந்தது. அவள் அந்தத் தலையணையில் முகத்தை வைத்து ஒரு நிமிடம் அழுதாள். பிறகு அந்த அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு, தன் அட்டையை அதே இடத்தில் வைத்துவிட்டு மேலே வந்தாள்.

அந்த மாதம் அவள் அம்சவேணியின் மாத்திரையை விழுங்கினாள், அம்சவேணி அவளுடையதை விழுங்கினாள். கீழே காற்று இன்னும் கொஞ்சம் பலமாகவே வீசியது. மேலே குணசுந்தரி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு கத்தினாள். ஆக, மாத்திரையில் எந்த வித்தியாசமும் இல்லை. வித்தியாசம் தன்னில்தான். மரகதம் சொன்னது சரி. இந்த முடிவுக்கு வந்தபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. தான் எப்படிப்பட்டவள் என்று ஒருவழியாகத் தெரிந்துவிட்டது என்று நினைத்தபடி, வழிந்த மாவைத் துடைத்துவிட்டு அண்டாவை மூடினாள்.

ஆடி பிறந்ததும் மாத்திரையை விட்டுவிட்டாள். ஜெல்லை மட்டும் தடவிக்கொண்டாள். அது சுகமாக இருந்தது. அனலும் இல்லை, கறுப்பும் இல்லை. மூடி எறியவில்லை, கத்தவில்லை. தண்டபாணி, “இப்பதான் நீ மனுஷி,” என்றான். டாக்டர் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. மறந்த மாதிரி இருந்துகொண்டாள். அந்தச் சவ்வு தடித்தால் தடிக்கட்டும். தெரு முழுக்க நல்லவள் என்று பெயர் வாங்கியவளைத் தினமும் பார்த்துக்கொண்டு, கறுப்பையும் சுமப்பதைவிட அது மேல் என்று இருந்தது அவளுக்கு.

ஆவணி போய், புரட்டாசியும் முடியப்போகிற ஒரு மத்தியானம், கடையில் இருவரும் உளுந்து கழுவிக்கொண்டிருந்தபோது குணசுந்தரியின் கால் வழியாக ரத்தம் இறங்கியது. நின்று போன ஒன்று திரும்பி வந்த மாதிரியும் இல்லை அது. கட்டி கட்டியாக, நிற்காமல், உளுந்துத் தண்ணீரில் கலந்து சாக்கடை வரை ஓடியது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்சவேணி கையை உதறிவிட்டு ஓடி வந்து அவளைத் தாங்கிப் பிடித்தாள். முதல் தடவையாக அந்தக் குளிர்ச்சி முழுவதும் குணசுந்தரியின் மேல் பட்டது. அப்போதும்கூட, எவ்வளவு நன்றாக இருக்கிறது, இவளுக்குப் போய் வந்திருக்கிறதே என்றுதான் நினைத்தாள்.

ஆட்டோவில் போகும்போது அம்சவேணி கேட்டாள். “மாத்திரைய உட்டுட்டியாக்கா?”

“ம்.”

“எப்பலேர்ந்து?”

“உன் மாத்திரைய சாப்ட்டு பாத்துட்டு, அதுக்கப்புறம்.” சொன்ன பிறகுதான் வாயிலிருந்து வந்துவிட்டது உறைத்தது.

அம்சவேணி திரும்பிப் பார்க்கவில்லை. “தெரியும். நீ அட்டைய கத்திரில ஓரம் பாத்து வெட்டுவ. நான் கையால பிச்சிப் போடுவேன். அன்னிக்கி ராத்திரியே தெரியும் எனக்கு.”

“அப்ப ஏன்டி கேக்கல?”

ஆட்டோ ரயில்வே கேட்டில் நின்றது. டிரைவர் அம்சவேணியின் காற்றுக்குச் சௌகரியமாகத் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டான்.

“கேட்டா நீ உட்டுடுவல்ல,” என்றாள் அம்சவேணி மெதுவாக. “இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து நான்தான உன்னப் பாத்து எரிஞ்சிகினு இருந்தேன்? பெரிய மருமவ, மாடி வீடு, கல்லாச் சாவி, எதுனா ஒண்ணுன்னா எல்லாம் உன்னத்தான் கேப்பாங்க. ஒரு தபா நீ என்னப் பாத்து எரிஞ்ச. திருட்டுத்தனமா என் வூட்டுக்குள்ள வர்ற அளவுக்கு எரிஞ்ச. எனக்கு நல்லா இருந்திச்சிக்கா. காத்து வந்தப்பகூட அவ்ளோ நல்லா இல்ல.” அவள் உதட்டைக் கடித்தாள். “நீ மேல இன்னா பாடுபடுறனு எனக்குக் காது கேக்காமயா இருக்கும்? குழாய் தண்ணி ஓடும், அதுக்குள்ள உன் சத்தம் கேக்கும். கேட்டுகினேதான் படுத்திருந்தேன்.”

ரயில் போய் முடிகிற வரை குணசுந்தரிக்குத் தன் ஓரகத்தியின் கன்னத்தில் ஓங்கி அறைய வேண்டும் போலவும், அந்தக் குளிர்ந்த தோளில் தலையைச் சாய்த்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. அறைவதற்குக் கையில் வலு இல்லை. சாய்ந்துகொண்டாள்.

டாக்டர் ஷகீலா ஸ்கேன் எடுத்தார். சவ்வு தடித்துக் கிடந்தது. அதில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை மாடியில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. கெட்ட கட்டி எதுவும் இல்லை என்று தெரிந்த அன்று டாக்டர் அவளை எதிரில் உட்காரவைத்தார். அம்சவேணி பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

“இப்படியே விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. மாத்திரையை ஏம்மா நிறுத்துனீங்க?”

குணசுந்தரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கல்லாகும் மார்பு, உப்பும் வயிறு, மூடி, துண்டு, குழாய்ச் சத்தம், செத்துப்போகிற நினைப்பு எல்லாவற்றையும் சொன்னாள். “என் குணம் அப்படி, டாக்டர். மாத்திர அத வெளிய கொண்டாந்துடுச்சி.”

“யாரு சொன்னா?”

“எல்லாருந்தான்.”

“உங்க குணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. அந்த மாத்திரையில இருக்குற ப்ரொஜஸ்ட்ரோன் சில பேரு உடம்புக்கு ஒத்துக்காது. வேர்க்கடலை ஒத்துக்காதவங்க இல்லையா, அந்த மாதிரி. மனசைத்தான் முதல்ல பிடிக்கும். அழுகை, எரிச்சல், சாகணும்ங்கிற எண்ணம், எல்லாம் அதுல உண்டு. அந்த மாதிரி எண்ணம் வந்த அன்னிக்கே நீங்க இங்க வந்திருக்கணும். வேற வகை மாத்திரை இருக்கு, கொடுக்குற வழியை மாத்தலாம், அளவை மாத்தலாம். எத்தனையோ வழி இருக்கு. ஏன் வரல?”

“இவளுக்கு ஒத்துக்கிச்சே டாக்டர்,” என்றாள் குணசுந்தரி. அதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “இவளுக்கு இவ்ளோ நல்லா ஒத்துக்கிச்சே.”

டாக்டர் அவள் அழுது முடிக்கட்டும் என்று இருந்துவிட்டு, கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஒரு சின்னக் கருவியைக் காட்டினார். ஆங்கில ‘டி’ எழுத்து மாதிரி இருந்தது. மருந்து அங்கேயே சொட்டுச் சொட்டாக இறங்கிச் சவ்வைக் காக்கும், ரத்தத்தில் மிகக் கொஞ்சம்தான் கலக்கும், அதனால் மனதைப் பிடிக்காமலிருக்க வாய்ப்பு அதிகம் என்றார். அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் எடுத்துவிட்டு வேறு பார்க்கலாம், ஆனால் இனி தானாக எதையும் நிறுத்தக் கூடாது என்றார்.

ஐப்பசியில் அதை வைத்தார்கள். முதலில் அடிவயிறு இழுத்துப் பிடித்தது, அவ்வப்போது கறை பட்டது, அவள் தினமும் விடிந்ததும் படுக்கையிலேயே அசையாமல் கிடந்து, கறுப்பு வந்திருக்கிறதா என்று மனதைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஒருநாள் லேசாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அப்புறம் வரவில்லை. கார்த்திகை தீபத்தன்று அகல் விளக்குகளை மாடிச் சுவரில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தபோது, தான் வெகுநேரமாக ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். தண்டபாணி அண்டாவைக் காட்டி மறுபடியும் அந்தப் புளிப்புப் பேச்சை எடுத்தபோது அவள் எதையும் எறியவில்லை. “இனிமே அப்படிச் சொன்னா நீயே அரச்சி நீயே வழிச்சிக்க,” என்று நிதானமாகச் சொன்னாள். அந்த நிதானத்துக்குப் பயந்து அவன் அதற்குப் பிறகு சொல்லவில்லை.

போகாமல் மிச்சம் நின்றது ஒன்றே ஒன்று. அம்சவேணியைப் பார்த்தால் அடிநெஞ்சில் இன்னும் சுருக்கென்று குத்தியது. மாத்திரையோடு வந்தது மாத்திரையோடு போயிருக்க வேண்டும் என்று குணசுந்தரி எதிர்பார்த்திருந்தாள். போகவில்லை என்றதும்தான், அது மருந்து கொண்டுவந்ததல்ல, தன் சொந்தச் சரக்கு என்று புரிந்தது. வலியும் அழுகையும் ஒட்டாமல் தனியாகப் பார்த்தபோது அந்தப் பொறாமை அப்படியொன்றும் பயங்கரமாக இல்லை. கூடவே வளர்ந்த ஒன்றைப் போலிருந்தது.

பிறகு மார்கழி வந்தது. சுற்றி நிற்கிற மலைகள் வெயிலைப் பிடித்து வைப்பது போலவே பனியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த வருஷம் விடிந்த பிறகும் எதிர்வீடு தெரியாத அளவுக்குப் பனி இறங்கியது. அம்சவேணியின் காற்று மட்டும் நிற்கவில்லை. பால்காரர் கோதண்டம் பாலைத் தெருமுனையிலேயே வைத்துவிட்டு சைக்கிளைத் திருப்பினார். பூக்காரி எதிர்ச்சாரிக்கு இடம் மாறினாள். அம்சவேணியின் மடியில் கிடந்த குழந்தைகளுக்கெல்லாம் சளி பிடிக்கும் என்று தாய்மார் தூக்கிக்கொண்டு போனார்கள். பஜனைக் கோஷ்டி மாவுக் கடையருகே வந்ததும் தெருவின் மறு ஓரத்துக்கு ஒதுங்கி, வேகமாகப் பாடிக்கொண்டு கடந்தது. சூதுவாது இல்லாதவள் என்று சொன்ன மரகதம் ஜன்னலைச் சாத்தினாள். ஏழுமலை குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாகக் கடையிலேயே படுக்கத் தொடங்கியிருந்தான். யாரும் அம்சவேணியிடம் கோபமாக இல்லை. வெயிலுக்கு எப்படி அவளிடம் வந்தார்களோ, அதே மாதிரி யாரும் எதுவும் சொல்லாமல் பனிக்கு விலகிப் போனார்கள்.

ஒரு காலை குணசுந்தரி மாடியிலிருந்து பார்த்தபோது, கடை வாசல் படியில் அம்சவேணி தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிப் பத்தடிக்குத் தெருவே காலியாக இருந்தது. குணசுந்தரிக்கு முதலில் வந்தது சந்தோஷம். நாக்கில் வைத்த கற்கண்டைப் போல அதை அவசரப்படாமல் கரைய விட்டாள். வேணும், நல்லா வேணும் என்று சொல்லிக்கொண்டாள். கரைந்து முடிந்ததும் கீழே பார்த்தாள், அம்சவேணி இன்னும் அப்படியேதான் இருந்தாள், கையைத் தொடைகளுக்கு நடுவில் சொருகிக்கொண்டு, யாராவது வருவார்களா என்று தெருமுனையைப் பார்த்தபடி.

குணசுந்தரி பீரோவிலிருந்து கம்பளியை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு இறங்கிப் போய்ப் படியில் உட்கார்ந்தாள். காற்று எலும்பு வரை போனது.

“எல்லாரும் போய்ட்டாங்க. நீ இன்னாத்துக்குக்கா வந்த?”

“சும்மா.”

“பல்லு அடிக்குது உனக்கு. மேல போ.”

“அடிச்சா அடிக்கட்டும்.”

“போக்கா. எனக்குப் பழகிடுச்சி.”

பழகிவிட்டதாம். அதைச் சொல்லும்போதே அம்சவேணியின் முகத்தில் ஒரு களை வந்ததைக் குணசுந்தரி பார்த்தாள். ஊரே கைவிட்டவளின் களை. நாளைக்கே தெரு இவளைப் பாவம் என்று பேசத் தொடங்கிவிடும், இவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதற்கும் பொருத்தமாக உட்கார்ந்திருப்பாள். வெயில் காலத்துப் பெருமை முழுவதையும் வைத்துக்கொண்டவளுக்குப் பனிக்காலத்துத் தனிமையையும் மொத்தமாக விட்டுக்கொடுத்துவிட்டு மேலே போய்ப் படுத்துக்கொள்ள குணசுந்தரிக்கு மனம் வரவில்லை.

அவள் கம்பளியை இழுத்துக் கழுத்தில் இறுக்கிக்கொண்டு, முழங்கையால் ஓரகத்தியின் விலாவில் ஒரு இடி இடித்தாள்.

“தள்ளி ஒக்காருடி. பாதிப் படிய நீயே புடிச்சிகினு கீற.”